மழைக்கு முன்னால் ஊருக்கு ஒரு காய்ச்சல் நோட்டு

மண்டபம் பக்கத்து மீனவக் கிராமங்களில் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். டெங்கு பரவுவதைச் சீக்கிரமே கண்டுகொள்ள, ஒவ்வொரு ஊரிலும் படித்த பிள்ளை ஒருவராவது காய்ச்சல் நோட்டு, அதாவது வாரம் எத்தனை பேருக்குக் காய்ச்சல் என்ற கணக்கு, எழுத வேண்டும் என்பது என் ஆசை.

ஆகஸ்டிலேயே தொடங்குங்கள். அக்டோபரில் மழை இறங்கிய பிறகு தொடங்கினால் ஒப்பிட்டுப் பார்க்க எதுவும் இருக்காது. சாதாரண வாரங்களில் எத்தனை காய்ச்சல் என்று கையில் இருந்தால்தான், ஒரே தெருவில் ஆறு பேர் படுத்ததும் பொறி தட்டும். ஒருவருக்கும் இல்லாத வாரத்திலும் பூஜ்யம் போடுங்கள். வெறும் பக்கமாக விட்டால், காய்ச்சல் இல்லையா, யாரும் விசாரிக்கவில்லையா என்று பிறகு தெரியாது.

தெரு, வயது, காய்ச்சல் தொடங்கிய தேதி, இவை போதும். பெயர் வேண்டாம். ஆஸ்பத்திரிக்குப் போன தேதியை எழுதிவிடாதீர்கள். கடை மாத்திரை போட்டுப் பார்த்துவிட்டுத்தானே நம் ஆட்கள் போகிறார்கள். டெங்குவுக்கு முதல் ஐந்து நாளில் என்எஸ்1, அதற்குப் பிறகு ஐஜிஎம் என, எந்த ரத்தப் பரிசோதனை என்று டாக்டர் முடிவு செய்ய, தொடங்கிய நாள்தான் உதவும்.

குழாயில் தண்ணீர் வராத நாட்களையும் குறியுங்கள். நம் கரைக்கு இது மழைக் கணக்கைவிட முக்கியம் என்பேன். நிலத்தடி நீர் உப்பு. காவிரித் தண்ணீர் நின்றால் டிரம், சிமெண்ட் தொட்டி, குடம் எல்லாவற்றிலும் பிடித்து வைக்கிறோம். அதில் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டை கொசுவாக 7 முதல் 10 நாள். நோயாளியைக் கடித்த கொசுவுக்குள் வைரஸ் முற்ற 8 முதல் 12 நாள். அது கடித்தவருக்குக் காய்ச்சல் வர 4 முதல் 10 நாள். கூட்டினால், தண்ணீர் நின்ற நாளிலிருந்து ஏறக்குறைய மூன்று, நான்கு வாரம் நமக்கு முன்கூட்டியே கிடைக்கிறது.

அந்த வாரங்களில் வீடு வீடாகப் போங்கள். அலைந்து பிடித்த தண்ணீரைக் கொட்டச் சொன்னால் யாருக்கும் மனசு வராது, நியாயம்தான். டிரம், தொட்டி, குடத்தின் வாயை வேட்டித் துணியால் இறுக்கிக் கட்டச் சொல்லுங்கள். வாரம் ஒருநாள் துவைக்க, கழுவ எனத் தீர்த்துவிட்டு உட்சுவரைத் தேய்க்க வேண்டும். ஒட்டியிருக்கும் முட்டை காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது. கரையேற்றிய வள்ளம், அதில் கட்டிய டயர், உடைந்த ஐஸ் பெட்டி இவற்றையும் பாருங்கள்.

எண்ணிக்கை வழக்கத்தைவிட இரட்டித்தால் அன்றைக்கே நர்சம்மாவிடம் சொல்லுங்கள், இல்லையென்றால் அரசு மருத்துவ உதவி எண் 104க்கு அழையுங்கள். ரத்த முடிவுக்காகக் காத்திருக்க வேண்டாம்.

காய்ச்சல் விட்ட வீட்டுக்கும் இரண்டு நாள் போய்ப் பாருங்கள். டெங்குவில் ஆபத்து பெரும்பாலும் அப்போதுதான். கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம் என்றால் உடனே 108.