முன்னொட்டில் குழப்பமே இல்லை, பின்னொட்டில்தான் கவனம்

ஆங்கிலச் சொல்லுக்கு முன்னால் ஒட்டுச் சேர்த்தால் அந்தச் சொல்லில் ஓர் எழுத்துகூட மாறாது. ‘மிஸ்’ஸுடன் ‘ஸ்பெல்’ சேர்ந்தால் இரண்டு எஸ், ‘அன்’னுடன் ‘நெசசரி’ சேர்ந்தால் இரண்டு என். தயங்காமல் இரண்டையும் எழுதுங்கள்.

தகராறெல்லாம் பின்னொட்டில்தான். ‘இங்’ சேர்ந்ததும் ‘ஹோப்’பின் கடைசி ஈ விழுந்துவிடும், பி ஒன்றுதான். ‘ஹாப்’பிலோ பி இரட்டிக்கும்.

இரண்டசைச் சொல் என்றால் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ‘பிகின்’ என்பதில் அழுத்தம் கடைசி அசையில். அதனால் ‘பிகினிங்’குக்கு நடுவில் இரண்டு என். ‘விசிட்’டில் அழுத்தம் முதலிலேயே விழுந்துவிடுகிறது, அங்கே டீ ஒன்றுதான். தமிழில் ‘விசிட்டிங்’ என்று எழுதுகிற பழக்கத்தில் இரண்டு டீ போட்டுவிடாதீர்கள்!

‘ஹேப்பி’யின் ஒய், ‘நெஸ்’ சேர்ந்தால் ஐ ஆகும். ‘ஸ்டடி’யோடு ‘இங்’ சேரும்போது மட்டும் ஒய் அசையாமல் நிற்கும்.