போர்க்கால வேடக் குழுவில் சேர்கிறீர்களா? மாலுமியாகத் தொடங்குங்கள்

அமெரிக்காவில் இரண்டாம் உலகப்போர்க் காலக் கடற்படையினராகவும், கப்பலிலிருந்து கரையிறங்கிச் சண்டையிடும் மரைன் வீரர்களாகவும் வேடமிட்டு அக்காலத்தை நடித்துக் காட்டும் குழுவில் சேர்வதாக இருந்தால், முதலில் மாலுமி வேடத்தைக் கேட்டு வாங்குங்கள். சொந்தக் காசில் முதலில் வாங்குவது பூண்டாக்கர் என்ற அக்காலப் படைக் காலணியாக இருக்கட்டும்.

கப்பலில் அன்றாட வேலை பார்த்த மாலுமிக்கு சாம்ப்ரே என்ற மெல்லிய பருத்தித் துணியில் தைத்த வெளிர்நீலச் சட்டை, அடர்நீல டெனிம் கால்சட்டை, விளிம்பு மேலே நிமிர்ந்த வெள்ளைத் தொப்பி போதும். மரைன் என்றால் 1941 மாதிரிப் பச்சைச் சீருடை, எம்1 தலைக்கவசம், அதற்கு உறை, தோட்டா பெல்ட், முதுகுப்பை, எம்1 காரண்ட் துப்பாக்கி என்று செலவு ஏறிக்கொண்டே போகும். கணுக்கால் உயரமுள்ள பூண்டாக்கரை, தோலின் சொரசொரப்பான பக்கம் வெளியே தெரியும் அந்தக் காலணியை, மரைன்களோடு கடற்படையினரும் போட்டார்கள். அதனால் பின்னால் வேடம் மாறினாலும் அது வீணாகாது. சட்டையும் தொப்பியும் குழுவில் இரவல் கிடைத்தால் சமாளிக்கலாம், இரவல் காலணியில் நாள் முழுக்க நிற்க முடியாது.

வீட்டிலிருக்கும் ஜீன்ஸை மட்டும் தயவுசெய்து போட்டுக்கொண்டு போகாதீர்கள். அன்றைய கடற்படை டெனிமின் கால் அகலமானது, பைகள் வெளிப்புறம் வைத்துத் தைத்தவை. பார்த்தவுடன் வித்தியாசம் தெரிந்துவிடும்.

கரையிறங்கும் சண்டைக் காட்சி மட்டுமே நடத்தும் குழுக்களுக்கும், அதிகாரி வேடத்துக்கும் இந்த யோசனை ஒத்துவராது. முதல் உலகப்போர்க் குழு என்றால் உடை, காலணி எல்லாமே வேறு.