பழைய ஆங்கிலிக்கன் ஆலயத்துக்கு வயது குறிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தங்கள் ஊர்ப் பழைய ஆலயத்தின் வரலாற்றை எழுத முனையும் இளைஞர்கள் சிலர், அச்சுக்குப் போகுமுன் படித்துப் பார்க்கும்படி தங்கள் கட்டுரைகளை என்னிடம் தருகிறார்கள். இந்த வேலையில் எங்கள் தலைமுறை தொடக்கத்தில் செய்த பிழைகளே ஏறக்குறைய அதே வரிசையில் அவற்றிலும் தலைகாட்டுகின்றன. பெயர்ப் பிழை, அச்சுப் பிழை ஆகியவற்றை யாரும் திருத்திவிடலாம் என்பதால் இங்கே விட்டுவிடுகிறேன். அடிக்கல்லும் கிடைக்காமல், கட்டட வரைபடமும் கிடைக்காமல், தொடக்கமே மங்கலாக இருக்கும் கும்பினிக் காலத்து, அதாவது கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்து, ஆங்கிலிக்கன் (இங்கிலாந்துத் திருச்சபை) ஆலயங்களைப் பற்றியே பேசுகிறேன்.

கல்லறைக் கல்லின் ஆண்டை ஆலயத்தின் ஆண்டாகக் கொள்வது

சென்னைக் கோட்டைக்குள் இருக்கும் தூய மேரி ஆலயத்தைச் சுற்றிலும் கல்லறைப் பலகைகள் தரையில் பதிக்கப்பட்டிருக்கின்றன. அவற்றுள் ஒன்று 1652இல் இறந்த எலிசபெத் பேக்கர் என்ற பெண்மணியினுடையது. ஆலயத்துக்கோ 1678இல்தான் அடித்தளம் இடப்பட்டது. பேராயரின் அதிகாரத்தோடு ஆலயத்தை வழிபாட்டுக்கு அர்ப்பணிக்கும் பிரதிஷ்டை 1680 அக்டோபர் 28இல் நடந்தது. அந்தக் கற்கள் முதலில் கோட்டைக்கு வெளியே, பின்னாளில் சட்டக் கல்லூரி எழுந்த இடத்தில், பழைய கல்லறைத் தோட்டத்தில் இருந்தவை. 1758–59 முற்றுகையில் லாலியின் பிரெஞ்சுப் படையினர் அந்தக் கல்லறைகளுக்குப் பின்னே பதுங்கிச் சுட்டதால், முற்றுகை நீங்கியதும் ஆங்கிலேயர் அவற்றை இடித்துத் தள்ளிவிட்டு, பெயர் பொறித்த பலகைகளை மட்டும் கொண்டுவந்து ஆலயத்தைச் சுற்றிப் பதித்தார்கள். இத்தனையும் ஆவணத்தில் இருப்பதால் நாம் தப்பித்தோம். இதே கல் ஆவணமில்லாத ஓர் ஊரில் கிடைத்திருந்தால், ஆலயத்துக்கு இருபத்தாறு ஆண்டு வயது கூடியிருக்கும்.

பழைய படைமுகாம் ஊர் ஒன்றில் இதுவே நடந்தது. ஆலயத்தின் தென்சுவரில் ஒரு படைவீரரின் கல் நின்றது. சபையாரிடம் இருந்த கற்களில் அதுவே பழமையானது. அதன் ஆண்டை வைத்துக் கணக்கிட்டு இருநூறாம் ஆண்டு விழாவுக்கு நாள் குறித்து, மலருக்கு விளம்பரமும் திரட்டி முடித்திருந்தார்கள். கல்லின் அருகே போய்ப் பார்த்தேன். எழுத்துகளின் விளிம்பு நடுப்பகுதியில் மழுங்கி, ஓரங்களில் கூர்மையாக இருந்தது. சுவரில் நிற்கும் கல்லை யாரும் மிதிப்பதில்லை. அது வெகுகாலம் எங்கோ தரையில் கிடந்து, பலர் காலடி பட்டுத் தேய்ந்த கல். அதைச் சுற்றியிருந்த பூச்சும் சிமென்ட். ஆலயச் சுவரோ சுண்ணாம்புக் காரை. கல் இடம் மாறி வந்தது என்பதற்கு இதற்குமேல் என்ன வேண்டும்? சொன்னேன். “கல்வெட்டுக்கு ஏற்கெனவே கொடுத்தாயிற்று ஐயா” என்றார் விழாக் குழுச் செயலாளர்.

என் எரிச்சல் அந்த விழாவோடு முடியவில்லை. புதிய பளிங்குக் கல்வெட்டு வாசலில் ஏறியது. அதைப் பார்த்து ஒரு நாளிதழ் எழுதியது. நாளிதழைப் பார்த்து அடுத்த மலர் எழுதியது. இன்று அந்த ஆண்டைக் கேள்வி கேட்பவர்களிடம் மூன்று சான்றுகளை நீட்டுகிறார்கள். மூன்றுக்கும் ஊற்று அந்தத் தேய்ந்த கல் ஒன்றே.

கல் இடம் மாறாமலேயே இருந்தாலும் நிலைமை பெரிதாக மாறாது. ஒரு படை வந்து தங்கிய முதல் மாதத்திலேயே சாவு நேரும், புதைக்க நிலம் வேண்டும். ஆலயம் கட்டவோ பணமும் கும்பினியின் அனுமதியும் வேண்டும். அதற்குள் பல ஆண்டுகள் ஓடிவிடும். அதுவரை ஆராதனை படைவீடுகளிலோ தளபதியின் கூடத்திலோ நடக்கும். ஆகவே கல்லறைக் கல் காட்டுவது, அந்த ஊரில் ஓர் ஐரோப்பியர் இறந்தார் என்பதை மட்டுமே. 1905இல் சென்னை அரசு அச்சிட்ட கல்லறைக் கல்வெட்டுத் தொகுப்பைப் புரட்டி, உங்கள் கல் அப்போது எங்கே இருந்ததாகக் குறிக்கப்பட்டிருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

பிரதிஷ்டையைப் பிறந்தநாளாக எண்ணுவது

உதகை தூய ஸ்தேவான் ஆலயத்துக்கு 1829இல் அடிக்கல் நாட்டினார்கள்; 1830 நவம்பரில் கல்கத்தாப் பேராயர் டர்னர் பிரதிஷ்டை செய்தார்; 1831 உயிர்ப்பு ஞாயிறன்று பொது வழிபாட்டுக்குத் திறந்தார்கள். மூன்றும் சரியான ஆண்டுகளே. எது எதற்குரியது என்று எழுதாமல் விட்டால் மூன்றும் தவறாகிவிடும். மேலும், 1814க்கு முன் இந்தியாவில் ஆங்கிலிக்கன் பேராயரே கிடையாது. சென்னைக்குத் தனிப் பேராயர் வந்தது 1835இல். தூய மேரி ஆலயத்தின் பிரதிஷ்டைக்கு லண்டன் பேராயரின் அதிகாரப் பத்திரம் கடல் கடந்து வர வேண்டியிருந்தது. எனவே உள்ளூர் ஆலயம் ஒன்று பிரதிஷ்டை இல்லாமலேயே ஒரு தலைமுறைக்காலம் வழிபாட்டில் இருந்திருக்க இடமுண்டு.

தொடக்கம் முதல் ஆங்கிலிக்கன் என்று நம்புவது

தரங்கம்பாடி சீயோன் ஆலயம் 1701இல் டேனியர் கட்டியது. இன்று அது, ஆங்கிலிக்கன் சபையும் இணைந்து உருவான தென்னிந்தியத் திருச்சபையிடம் இருக்கிறது. திருச்சியிலும் தஞ்சையிலும் ஆலயம் எழுப்பிய சுவார்ட்ஸ் ஐயர் லூத்தரன் குரு. அவருக்குப் பணம் அனுப்பியது எஸ்.பி.சி.கே. என்ற ஆங்கிலேயச் சங்கம். அந்தச் சங்கத்தின் தென்னிந்தியப் பணிகள் 1820களில்தான் எஸ்.பி.ஜி. என்ற ஆங்கிலிக்கன் மிஷனரிச் சங்கத்தின் கைக்கு மாறின. இத்தகைய ஆலயத்தின் தொடக்கத்தை லண்டன் ஆவணங்களில் மட்டும் தேடிவிட்டு “சான்று இல்லை” என்று முடிப்பவர்கள், ஜெர்மனியின் ஹாலே நகரில் அந்த மிஷனரிகளின் கடிதங்கள் காத்துக் கிடப்பதை மறந்துவிடுகிறார்கள்.

கூர்கோபுரத்தைப் பார்த்து வயது சொல்வது

சொல்லாதீர்கள், கோபுரம் பெரும்பாலும் பிற்சேர்க்கை.

கிளைவ் வந்து வழிபட்டார் என்ற கதை

கும்பினிப் படைத்தலைவர் ராபர்ட் கிளைவின் திருமணம் 1753இல் தூய மேரி ஆலயத்தில் நடந்ததற்குப் பதிவேடு இருக்கிறது. உங்கள் ஊருக்கும் அப்படி ஒன்று இருந்தால் எழுதலாம்.

பதிவேட்டின் முதல் பக்கத்தோடு நின்றுவிடுவது

ஆலயப் பெட்டியில் இருக்கும் ஞானஸ்நானப் பதிவேடு முதலாவது பதிவேடாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. முந்தியது கரையானுக்குப் போயிருக்கலாம். சென்னை மாகாணத்தின் ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவுகளின் படிகள் 1698 முதல் லண்டனுக்கு அனுப்பப்பட்டு, இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. அங்கே உங்கள் ஊர்ப் பெயர் முதன்முதலில் வரும் ஆண்டைக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னர் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் கட்டடச் செலவுக்கான கோப்பு உண்டா என்று தேடுங்கள். இரண்டுக்கும் இடையில் இடைவெளி விழுந்தால், “இந்த ஆண்டுக்குப் பின், அந்த ஆண்டுக்கு முன்” என்று இரு எல்லைகளையும் மலரில் அப்படியே அச்சிடுங்கள்; விழாக் குழு ஒற்றை ஆண்டு கேட்டு வற்புறுத்தினாலும் கொடுக்காதீர்கள்.