தோள்மூட்டு நழுவலும் ஸ்கான் படங்களும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொழும்பில் பாடசாலை றக்பிப் பருவம் தொடங்கிவிட்டால், தோள் கழன்ற பிள்ளைகளைப் பெற்றோர் வைத்தியசாலைக்கு அழைத்து வருவது வழக்கம். அவர்களில் சிலர் என்பியல் நிபுணரைக் காண்பதற்கு முன்னரே தனியார் நிலையமொன்றில் எம்.ஆர்.ஐ. எடுத்துவிடுகிறார்கள். விலை கூடிய ஸ்கானில் எல்லாம் தெரிந்துவிடும் என்ற இந்த நம்பிக்கைதான் மற்றத் தவறுகளுக்கும் வழிவிடுகிறது.

முதலில் வேண்டியது சாதாரண எக்ஸ்ரே. கழன்ற தோளை எக்ஸ்ரே பார்க்காமல், பயிற்சியற்ற ஒருவர் இழுத்துப் பொருத்த முனைந்தால், உள்ளே மறைந்திருக்கும் முறிவு மேலும் விலகக்கூடும். பொருத்திய பின்பும் மீண்டும் ஒரு எக்ஸ்ரே அவசியம். முன்புறத் தோற்றம் ஒன்றுடன் நிறுத்திக்கொள்வது இன்னொரு தவறு. பெரும்பாலான தோள்கள் முன்பக்கமாகவே கழலுகின்றன. ஆனால் வலிப்புக்குப் பின்னரோ மின்சாரம் தாக்கிய பின்னரோ பின்பக்கமாகக் கழன்ற தோள், அந்த ஒற்றைப் படத்தில் ஏறக்குறைய இயல்பானதாகவே தோன்றும். கை உட்பக்கம் திரும்பியபடி இறுகி, வெளிப்பக்கம் திருப்பவே முடியாதிருந்தால், அக்குள் வழியாகவோ தோள்பட்டை என்பின் பக்கவாட்டிலிருந்தோ எடுத்த படத்தையும் பாராமல் நோயாளியை வீட்டுக்கு அனுப்பக் கூடாது.

எம்.ஆர்.ஐ.யின் பலம் மென்திசுக்களில் உள்ளது. மேற்கை என்பின் தலை அமரும் தோட்குழியின் விளிம்பைச் சுற்றியுள்ள குருத்தென்பு வளையம் முன்கீழ்ப் பகுதியில் கிழிவதை 1923 இல் பாங்காட் என்ற ஆங்கிலேயச் சத்திரசிகிச்சை நிபுணர் விவரித்தார். இன்றும் அது அவர் பெயரால் அறியப்படுகிறது. காயம் புதிதாக இருக்கையில் மூட்டுக்குள் தேங்கிய இரத்தமே கிழிவை எடுத்துக்காட்டிவிடும். வாரங்கள் கடந்து அது வற்றிய பின், படத்தில் திசுக்களைப் பிரித்துக் காட்டும் மாறுபாட்டு மருந்தை மூட்டுக்குள் செலுத்தி எடுக்கும் எம்.ஆர்.ஐ. சிறு கிழிவுகளைக் கூடுதல் தெளிவாகக் காட்டும். அதே வளையத்தின் முன்மேற் பகுதியில் சிலருக்குப் பிறவியிலேயே இடைவெளி இருப்பதுண்டு. அதைக் கிழிவென்று எண்ணித் தைப்பது தோளின் அசைவைக் கெடுத்துவிடும்.

எல்லாவற்றிலும் விளைவு பெரிதான தவறு, என்புத் தேய்வை அளக்காமல் சத்திரசிகிச்சைக்குப் போவதாகும். தோள் திரும்பத் திரும்பக் கழலும்போது குழியின் முன்விளிம்பு உடைந்தோ தேய்ந்தோ போகிறது. மேற்கை என்பின் உருண்டைத் தலையான புயத்தலையின் பின்புறத்திலும் பள்ளம் விழுகிறது. விளிம்பு போன தட்டில் உருண்டை நில்லாதது போல, கிழிந்த வளையத்தை எவ்வளவு நேர்த்தியாகத் தைத்தாலும் அந்தத் தோள் நிலைக்காது. சத்திரசிகிச்சை நிபுணர்களான பேர்க்காட்டும் டி பியரும் 2000 இல் வெளியிட்ட ஆய்வில், சிறு துளை வழியே செலுத்திய கமெராவின் உதவியுடன் வளையம் தைக்கப்பட்டவர்களுள் பெரிய என்புக் குறை இல்லாதோரில் 4 சதவீதத்தினருக்கே தோள் மீண்டும் நழுவியது. குறை இருந்தோரில் அது 67 சதவீதமாக இருந்தது. இந்தக் குறையை அளப்பதற்கு, புயத்தலையை நீக்கிக் குழியை நேர்முகமாகக் காட்டும் முப்பரிமாண சி.டி. ஸ்கான் மிகப் பொருத்தமானது. குழியின் என்பு இழப்பு 20 முதல் 25 சதவீதத்தை எட்டினால், பொதுவாக என்புத் துண்டொன்றைப் பொருத்தும் சத்திரசிகிச்சை ஆலோசிக்கப்படும். பல தடவை கழன்ற தோளுக்கு எம்.ஆர்.ஐ. அறிக்கையை மட்டும் வைத்து நாள் குறிப்பவரிடம், என்பு அளக்கப்பட்டதா என்று நோயாளி தயங்காமல் கேட்க வேண்டும்.

நாற்பது வயதைக் கடந்தவரின் நிலை வேறு. தோளைப் பொருத்திய பின்னும் கையைத் தூக்க முடியாதிருந்தால், அதை வலியென்று மாதக்கணக்கில் விட்டுவிடாமல், தோளைச் சுழற்றும் தசைநாண்கள் அறுந்துள்ளனவா என்று அல்ட்ராசவுண்டிலோ எம்.ஆர்.ஐ.யிலோ பார்ப்பதுடன், நரம்புப் பாதிப்பையும் பரிசோதிக்க வேண்டும். மாறாக, பிறவியிலேயே மூட்டுகள் தளர்ந்த சிலருக்குத் தோள் எல்லாப் பக்கமும் நழுவும். ஸ்கானிலோ எதுவும் தெரியாது. அவர்களிடம் "உங்களுக்கு ஒன்றுமில்லை" என்று சொல்வது அநியாயம். வைத்தியரின் கைப்பரிசோதனையே அங்கு நோயை நிர்ணயிக்கிறது. இயன்மருத்துவப் பயிற்சியே முதற் சிகிச்சை.

ஸ்கானுக்கு அனுப்பும் துண்டில் "தோள் வலி" என்று மட்டும் எழுதுவதும் பரவலான குறை. முதன்முதல் எப்போது கழன்றது, எத்தனை தடவை, எந்தப் பக்கமாக, முன்பு சத்திரசிகிச்சை நடந்ததா, உடலில் உலோகமோ இதயமுடுக்கியோ உண்டா என்பன அதில் இருந்தால், எந்தப் படத்தை எப்படி எடுப்பது என்பதைக் கதிரியக்க நிபுணர் சரியாகத் தீர்மானிப்பார். கிளினிக்குக்குச் செல்லும்போது அறிக்கைத் தாளை மட்டும் கொண்டுபோகாமல், படங்கள் அடங்கிய இறுவட்டையும் பழைய எக்ஸ்ரேக்களையும் கூடவே எடுத்துச் செல்லுங்கள்.