ஹாங்காங்கில் டிம் சம் சாப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஹாங்காங்கில் டிம் சம் என்னும் சிறு பலகாரங்கள் கிடைக்கும் கடைக்குப் போகும் நம்மவர்கள் செய்யும் முதல் தவறு, டீயை ஒதுக்கிவிடுவது. அந்த ஊர்க்காரர்கள் இந்தச் சாப்பாட்டுக்கு அழைக்கும்போது ‘யம் சா’ போகலாம் என்பார்கள். கான்டனீஸில் அதற்கு ‘டீ குடிப்பது’ என்றுதான் பொருள். பலகாரங்கள் டீக்குத் துணையாக வந்தவை.

உட்கார்ந்ததும் என்ன டீ என்று கேட்பார்கள். ‘வெறும் தண்ணீர் போதும்’ என்று சொல்லாதீர்கள். ஆளுக்கு இவ்வளவு என்று டீக்காசு பெரும்பாலும் பில்லில் சேர்ந்துவிடும். கறுப்பாக, மண்வாசனையோடு இருக்கும் போ லெய் டீ, கொழுப்புள்ள பலகாரங்களுக்கு நன்றாகப் பொருந்தும். முதல் தடவை போகிறவர்களுக்கு மல்லிகை டீ எளிது. எதிலும் பால், சர்க்கரை கிடையாது.

பல கடைகளில் மேசைக்கு ஒரு பெரிய கிண்ணமும் வரும். முதல் டீயை ஊற்றிக் கோப்பை, சின்னக் கிண்ணம், சாப்பிடும் குச்சிகளை அலசி, அந்த நீரை அதில் கொட்டுவார்கள். அதைச் சூப் என்று எண்ணிவிட வேண்டாம். கெண்டியில் டீ தீர்ந்தால் மூடியைச் சற்றுத் திறந்து வையுங்கள். வெந்நீர் ஊற்றிவிட்டுப் போவார்கள். பக்கத்தில் இருப்பவர்களுக்கு ஊற்றிய பிறகே உங்கள் கோப்பைக்கு ஊற்ற வேண்டும். உங்களுக்கு யாராவது ஊற்றினால் இரண்டு விரல்களால் மேசையை மெல்லத் தட்டுங்கள், அதுவே நன்றி. மாறுவேடத்தில் போன சீனப் பேரரசர் சியென்லுங் தன் பணியாளுக்கு டீ ஊற்றினாராம். விழுந்து வணங்கினால் வேடம் கலைந்துவிடும் என்று அவன் விரல்களை மடக்கித் தட்டினானாம். இந்தக் கதையை எனக்குச் சொன்ன கான்டனீஸ் நண்பர், பேச்சின் நடுவே கூடத் தட்ட மறந்ததில்லை.

பெரிய தவறு ஆர்டர் செய்வதில்தான் நடக்கிறது. பட்டியல் தாளில் நீங்கள் குறிக்கும் எண், பலகாரம் வரும் கூடைகளின் எண்ணிக்கை. துண்டுகளின் எண்ணிக்கை அல்ல. ஒரு கூடையில் பெரும்பாலும் மூன்று அல்லது நான்கு துண்டுகள் இருக்கும். நான்கு பேருக்கு என்று ‘4’ போட்டால் நான்கு கூடைகள் வந்து நிற்கும். நம் வீட்டு விருந்தில் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் இலையில் பரிமாறிப் பழகிவிட்டோம், அதே பழக்கத்தில் பத்துக் கூடைகளை ஒன்றாகச் சொல்லிவிடுகிறோம். ஹா காவ் என்னும் இறால் கொழுக்கட்டைக்கு இதைவிடக் கேடு வேறில்லை. கோதுமை ஸ்டார்ச்சைக் கொதிநீரில் பிசைந்து, உள்ளே இருக்கும் இறாலின் நிறம் தெரியும்படி மெல்லியதாகத் தட்டி, ஏழுக்குக் குறையாமல் மடிப்பு வைக்கிறார்கள். ஆவி அடங்கினால் அந்தத் தோல் விறைத்துவிடும், அடியில் ஒட்டி எடுக்கும்போது கிழிந்துவிடும். ஒருவர் கையால் செய்த அத்தனை வேலையும் வீணாவதைப் பார்க்க எனக்கு மனசு கேட்பதில்லை. இரண்டு மூன்று கூடை சொல்லுங்கள், முடித்துவிட்டு அடுத்ததைச் சொல்லுங்கள். ஆவியில் வெந்தவை முதலில், பொரித்தவை பிறகு, முட்டை டார்ட் போன்ற இனிப்பு கடைசியில் என்று போனால் நாக்குக்கு நல்லது.

சிட்டி ஹால் கட்டடத்தில் இருக்கும் மாக்ஸிம்ஸ் பேலஸ் உணவகம் போன்ற இடங்களில் பலகாரங்களோடு தள்ளுவண்டி வரும். முதல் வண்டியிலேயே மேசையை நிரப்பிவிடாதீர்கள்.

சார் சியூ பாவ் என்னும் பன்றி இறைச்சி பன்னின் அடியில் இருக்கும் தாளை உரித்துவிட்டுச் சாப்பிட வேண்டும். லோ மாய் காய் என்னும் கோழி சேர்த்த ஒட்டரிசிச் சோற்றைச் சுற்றி வரும் தாமரை இலை மணத்துக்கு மட்டும், சாப்பிட அல்ல. உப்பு முட்டைக்கரு உருகி நிற்கும் லாவ் சா பாவ் என்னும் பன்னைச் சுடச்சுட முழுதாகக் கடித்தால் வாய் வெந்துபோகும்; ஓரத்தில் சின்னதாகக் கடித்து ஆறவிடுங்கள். சோற்றில் குச்சிகளைச் செங்குத்தாகக் குத்தி வைக்கவே கூடாது, இறந்தவர்களுக்கு ஊதுவத்தி வைப்பது போலாகிவிடும்.

சைவக்காரர்கள் பெயரை நம்பி ஏமாறக் கூடாது. ‘முள்ளங்கி கேக்’ என்று எழுதியிருக்கும் லோ பாக் கோவில் பெரும்பாலும் உலர்ந்த இறாலும் பன்றி சாசேஜும் கலந்திருக்கும். சியூ மாய் என்னும் கொழுக்கட்டையில் பன்றியும் இறாலும் சேர்ந்தே இருக்கும். ‘இறைச்சி வேண்டாம்’ என்று மட்டும் சொன்னால் இறால் வரலாம். ‘சிக் சாய்’ என்றால் பௌத்த முறைச் சைவம் என்று புரிந்துகொள்வார்கள். அதைவிட, பௌத்த சைவ உணவகங்களுக்கே போய்விடுவது நிம்மதி. அங்கேயும் டிம் சம் உண்டு. ஹலால் வேண்டுபவர்கள் வான் சாய் பகுதியிலுள்ள அம்மார் பள்ளிவாசல் கட்டடத்திலுள்ள இஸ்லாமிக் சென்டர் கேன்டீனைத் தேடிப் போகலாம். அங்கே டிம் சம் மதியத்தோடு முடிந்துவிடும், அதனால் காலையிலேயே கிளம்புங்கள்.