30 மீற்றர் வலையில் எவ்வளவு தோட்டம்?

உப்புவெளியில் எங்கள் வளவுக்குள் ஆடு புகுந்து கத்தரிக் கன்றுகளை மொட்டையாக்கிக்கொண்டிருந்தது. கையில் இருந்தது 30 மீற்றர் வலை. நீளம் 12, அகலம் 3 என்று மச்சான் கயிறு பிடித்தார். சுற்றளவு சரியாக 30தான். ஆனால் பரப்பளவு வெறும் 36 சதுர மீற்றர். இரண்டு பாத்தி போட்டால் வாளியோடு நடக்க இடமிருக்காது.

“வலை ஒன்றுதானே மச்சான், எப்படிக் கட்டினாலும் இடமும் அதேதான்” என்றார். நான் வாயைக் கொடுக்கவில்லை. தடிகளைப் பிடுங்கி 9க்கு 6 என்று நட்டேன். வலை அதே 30, இடம் 54. நீளமும் அகலமும் கிட்டக் கிட்ட வர, உள்ளே இடம் கூடும்.

அப்புறம்தான் பின்மதில் கண்ணில் பட்டது. 14 மீற்றர் பக்கத்தை மதிலிடமே விட்டுவிட்டோம். மிச்சம் 14, 8, 8, கூட்டினால் 30. இடமோ 112! படலை வைக்க ஒரு தடி கூடுதலாகத் தேவைப்பட்டது, அவ்வளவுதான்.

ஒன்று: வலை வாங்கப் போகும்போது காணி எத்தனை பேர்ச் என்று சொல்லிப் பயனில்லை. பேர்ச் என்பது பரப்பளவு, சுமார் 25.3 சதுர மீற்றர். வேலிக்குப் பக்கங்களை அளந்து கூட்ட வேண்டும்.