பயறிலுள்ள துத்தநாகம் உடம்பில் ஒட்ட என்ன செய்யலாம்?

பயறு, கேழ்வரகு, எள் எல்லாவற்றிலும் துத்தநாகம் இருக்கிறது. அதை உடம்பில் சேர விடாமல் பிடித்துக்கொள்ளும் பைட்டிக் அமிலமும் (பைட்டேட்) கூடவே இருக்கிறது. விதை தன் பாஸ்பரஸைச் சேமிக்கும் வடிவம் அது. குடலில் துத்தநாகமும் இந்த அமிலமும் சேர்ந்து கரையாத உப்பாகி, மலத்தோடு போய்விடும். இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் (ஐசிஎம்ஆர்) 2020 பரிந்துரையில் ஆண்களுக்கு நாளுக்கு 17 மி.கி., பெண்களுக்கு 13.2 மி.கி. அமெரிக்காவிலோ 11, 8 தான். நம் தட்டில் தானியமும் பருப்பும் அதிகம் என்பதே இதற்கு முக்கியக் காரணம்.

ஒரு உணவின் துத்தநாகம் உடம்பில் எவ்வளவு நன்றாகச் சேரும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பைட்டேட் மி.கி.யை 660ஆலும், துத்தநாக மி.கி.யை 65ஆலும் வகுத்து, முதல் விடையை இரண்டாவதால் வகுக்க வேண்டும். 600 மி.கி. பைட்டேட்டும் 3 மி.கி. துத்தநாகமும் உள்ள உணவுக்குச் சுமார் 20 வரும். 15ஐத் தாண்டினாலே உறிஞ்சுதல் மோசம்.

வேகவைப்பதால் பைட்டேட் பெரிதாகக் குறையாது. அதைச் சிதைக்கும் பைட்டேஸ் நொதிதான் சூட்டில் செத்துப்போகும். அதனால் வேலையெல்லாம் அடுப்பில் ஏற்றுவதற்கு முன்பே முடிய வேண்டும்.

பச்சைப்பயறு ஒரு கப்புக்கு மூன்று கப் வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு 8 முதல் 10 மணி நேரம் ஊறவிடுங்கள். ஊறிய தண்ணீரைக் கொட்டி, அலசி, நன்றாக வடித்து, ஈரத்துணியில் தளர்வாகக் கட்டுங்கள். ஒரு நாளில் அரை அங்குலம் முளை விடும். துணி காய்ந்தால் தண்ணீர் தெளிக்கலாம். அடியில் தண்ணீர் தேங்கினால் கொழகொழத்து நாறும், அதைத் தூக்கிப் போட வேண்டியதுதான். வாசனைக்காகப் பயறை முன்பே வறுத்துவிட்டால் நொதியும் போச்சு, முளையும் வராது. முளைத்ததை ஆவியில் வேகவைத்துச் சாப்பிடுங்கள். கேழ்வரகையும் இப்படியே முளைகட்டிக் காயவைத்து, பிறகு லேசாக வறுத்து அரைக்கலாம்.

இட்லி மாவில் இந்த வேலையைப் புளிப்பு செய்கிறது. மாவு புளித்து அமிலமாகும்போதுதான் பைட்டேஸ் நன்றாக வேலை செய்யும். அரைத்தவுடன் ஃபிரிட்ஜில் வைத்தாலோ, ஆப்ப சோடா போட்டு உடனே சுட்டாலோ இது நடக்காது. சோடா இட்லியை உப்ப வைக்கும், அவ்வளவுதான்.

சாம்பாரில் வெங்காயம், பூண்டைத் தாராளமாகப் போடுங்கள். இவை சேரும்போது தானியம், பருப்பிலிருந்து துத்தநாகம் கூடுதலாக விடுபடுவதை மைசூரிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தின் (சிஎஃப்டிஆர்ஐ) ஆய்வகச் சோதனைகளில் பார்த்திருக்கிறார்கள். முட்டை, மீன், கறி சேர்ந்தால் இன்னும் நல்லது. அவற்றின் புரதம் உறிஞ்சுதலைக் கூட்டும். எலுமிச்சையின் வைட்டமின் சி இரும்புக்குத்தான் உதவும், துத்தநாகத்துக்கு அந்தப் பலன் இல்லை.

மாத்திரை எடுப்பவர்கள் 25 மி.கி.யும் அதற்கு மேலும் உள்ள இரும்பு மாத்திரையைத் துத்தநாகத்தோடு சேர்த்து விழுங்க வேண்டாம். ஒன்று காலை, மற்றது இரவு என்று பிரித்துக்கொள்ளுங்கள். மருத்துவர் சொல்லாமல் துத்தநாகத்தை நாளுக்கு 40 மி.கி.க்கு மேல் கொண்டுபோகாதீர்கள். வாரக்கணக்கில் அதிகமாக எடுத்தால் உடம்பில் தாமிரம் குறையும்.